நடுவிலிருந்து மூன்று விரல் தள்ளி

என் அக்காவின் இடுப்பில் எந்தக் கோளாறும் இல்லை என்று இரண்டு முறை எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான். வேறு எவராவது அப்படி எழுதியிருந்தால் அவரை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று எங்கள் ஸ்கேன் சென்டரில் எல்லோருக்கும் தெரியும்.

நான் ஸ்கேன் படம் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற டாக்டர். என் அறைக்கு ஜன்னல் கிடையாது. இரண்டு பெரிய திரைகள், முதுகில் குளிர்காற்றை ஊதும் ஏசி, நாற்காலியில் நிரந்தரமாகத் தொங்கும் ஒரு ஸ்வெட்டர். நோயாளிகள் என்னைப் பார்ப்பதில்லை, நானும் அவர்களைப் பார்ப்பதில்லை. பதினாறு வருடமாக முகம் தெரியாத முதுகுகளோடுதான் என் குடித்தனம். ஒரு நாளைக்கு நாற்பது முதுகு. சாப்பிடப் போகிற அவசரத்தில் ஐந்து நிமிடத்தில் ஒன்றை முடித்துத் தள்ளியதும் உண்டு. அந்த வேகத்தில் எனக்குப் பெருமை வேறு.

ஒரு முதுகை மிஷின் வலமிருந்து இடமாக, ரொட்டி வெட்டுவது போலத் துண்டு துண்டாகப் படம் எடுக்கும். பதினேழு படங்கள். முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பது டிஸ்க். அது பிதுங்கினால் பெரும்பாலும் பின்பக்கம் நடுவில், அல்லது நடுவுக்கு ஒட்டினாற்போல் பிதுங்கி நரம்பை நசுக்கும். அதனால் நான் நடுப்படங்களைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு உற்றுப் பார்ப்பேன். முதல் இரண்டையும் கடைசி இரண்டையும் பார்ப்பதில்லை. அவற்றில் சதையைத் தவிர என்ன இருக்கப்போகிறது? என் விரல் தானாகவே அவற்றைத் தள்ளிவிடும். இந்தப் பழக்கத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு மறைத்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது.

அக்கா ஒரு தையல் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நாள் முழுக்க உயரமான மேஜை மேல் குனிந்து நின்று, முப்பது அடுக்குத் துணியை ஒரே இழுப்பில் வெட்டுவாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பேச்சும் ஒரே நாளில் போனபோது, அம்மாவைப் பார்த்துக்கொள்வது பேசாமலே அக்காவின் தலையில் விழுந்தது. பதினோரு மாதம் அவள் அம்மாவைக் குழந்தை மாதிரி தூக்கினாள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு. நானும் அண்ணனும் ஞாயிற்றுக்கிழமைகளில் பழப் பையோடும் ஆலோசனைகளோடும் போய்வந்தோம்.

அந்தப் பதினோரு மாதமும் அம்மாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. கட்டிலோரமாக அக்கா நிற்கும்போது, நல்ல கையான இடது கையை நீட்டி, அக்காவின் இடது தொடையை முட்டிக்குச் சற்று மேலே இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். நான்கு விரல் முன்னால், கட்டை விரல் உள்பக்கம். அக்கா நகரப் பார்த்தால் இன்னும் இறுக்குவாள். ஒரு நாள் அக்கா ஃபோனை அலமாரியில் சாய்த்து வைத்து அதை வீடியோ எடுத்து எனக்கு அனுப்பினாள். தனியாக விட்டுப் போய்விடுவோமோ என்ற பயம்தான், வேறொன்றும் இல்லை என்று பதில் போட்டேன்.

அந்த வருடம் அக்காவுக்கு அதே தொடையில் வலி வந்தது. ஸ்கேன் எடுத்தோம். நான்தான் பார்த்தேன். நார்மல். பிறகு அம்மா போய்ச் சேர்ந்தாள். நான்கு மாதம் கழித்து அக்கா ஃபோன் செய்து, வலி என்ற வார்த்தையையே விட்டுவிட்டு, அம்மா இன்னும் பிடிக்கிறாள் என்றாள். வேலையில் ஒன்றும் இல்லையாம். வீட்டுக்கு வந்தால்தானாம். மறுபடியும் ஸ்கேன், மறுபடியும் நான், மறுபடியும் நார்மல். அவள் மாடிப்படியில் ஒரு தடவை, தெருவில் ஒரு தடவை கால் மடங்கி விழுந்தாள். அண்ணன் மனநல மருத்துவரிடம் திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கினான். அந்த மருத்துவரின் நம்பரைக் கொடுத்தவளும் நான்தான். தேவைப்பட்டால் சில வாரம் அங்கேயே தங்க வைக்கலாம் என்று பேசிக்கொண்டோம். அக்காவைச் சம்மதிக்க வைக்கிற வேலை என் தலையில் கட்டப்பட்டது.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அம்மாவின் வீட்டுக்குப் போனேன். வெயில் பளீரென்று கூடம் முழுக்க விழுந்திருந்தது. அம்மாவின் அறை பிற்பாடு சேர்த்துக் கட்டியது. அதன் தரை கூடத்தைவிட ஒரு சாண் உயரம், வாசலில் ஒரே ஒரு படி. அக்கா தன் அறையைக் காலி செய்துவிட்டு அங்கே குடியேறியிருந்தாள். அம்மாவின் கட்டிலில், ஒருக்களித்து, முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு படுத்திருந்தாள். துணி வெட்டும் கத்தரி, சாக்குக்கட்டி, சாப்பிட்ட தட்டு, தண்ணீர்ப் பாட்டில் எல்லாம் கட்டிலுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. நான்கு நாளாக வேலைக்குப் போகவில்லை என்றாள்.

நான் தயார் செய்துகொண்டு போன பேச்சை ஆரம்பிக்குமுன் அவளே சொன்னாள்.

"இந்த ரூமுக்குள்ள வந்துட்டா அம்மா விட்டுடறாங்க. வெளிய போகப் போனாதான் பிடிக்கறாங்க. அதான் நான் போறதில்ல."

எரிச்சலில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நடந்து காட்டச் சொன்னேன். அவள் மறுபேச்சில்லாமல் எழுந்தாள். அறைக்குள் கூன் போட்டாற்போல, ஆனால் நன்றாகவே நடந்தாள். வாசலுக்கு வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு, இடது காலைக் கீழே கூடத்தில் வைத்தாள்.

வைத்ததும் நின்றுவிட்டாள். கத்தவில்லை, முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டது போல மெல்லத் திரும்பி, காலிக் கட்டிலைப் பார்த்தாள்.

"வந்துடறேம்மா," என்றாள்.

எனக்குக் கை மயிரெல்லாம் குத்திட்டு நின்றது. நான் படித்த படிப்பு அந்த நிமிடத்தில் என்னைக் கைவிட்டுவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். கட்டில் விரிப்பின் ஓரம், மின்விசிறிக் காற்றோ என்னவோ, லேசாக அசைந்தது. அக்கா திரும்ப அறைக்குள் ஏறினாள். உடனே அவள் உடம்பு தளர்ந்தது. விட்டாயிற்று என்பது போலத் தலையை ஆட்டினாள்.

கட்டிலில் உட்கார வைத்து, புடவையை விலக்கித் தொடையைப் பார்த்தேன். முட்டிக்கு மேலே தோல் கறுத்திருந்தது. முன்பக்கம் நான்கு கோடு, உள்பக்கம் ஒன்று. தேய்த்துத் தேய்த்துக் கறுத்தது, அவள் கையேதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் கையை வைத்து அளந்து பார்க்கச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் பயம்தான்.

அப்போதுதான் இரண்டு தொடையும் ஒரே அளவில் இல்லை என்று கண்ணில் பட்டது. இடது தொடை காற்றுப்போன மாதிரி சூம்பியிருந்தது. பதினாறு வருடமாக நான் ஒருவர் காலையும் தொட்டுப் பார்த்ததில்லை. கட்டில் விளிம்பில் கால்களைத் தொங்கப்போடச் சொல்லி, உள்ளங்கை விளிம்பால் வலது முட்டிக்குக் கீழே ஒரு தட்டுத் தட்டினேன். கால் துள்ளி என் வயிற்றில் உதைத்தது. இடது முட்டியில் தட்டினேன். ஒன்றுமில்லை. மறுபடி தட்டினேன். தொங்கும் துணி மாதிரி சும்மா கிடந்தது.

மனக்குழப்பம் முட்டியின் துள்ளலை அழிக்காது. செத்துப்போனவர்களின் கையும் அழிக்காது. நசுங்கிய நரம்பு அழிக்கும்.

படியில் அவளை மறுபடி ஏறி இறங்கச் சொன்னேன். ஏறும்போது குனிந்தாள். இறங்கும்போது நிமிர்ந்து, இடுப்பைப் பின்னால் வளைத்தாள். அந்த வளைவில்தான் கை பிடித்தது. கட்டிங் மேஜையில் நாள் முழுக்கக் குனிந்தே நிற்கிறாள், அங்கே வலி இல்லை. சுருண்டு படுத்தால் இல்லை. அம்மா பிடிக்கிறாளோ இல்லையோ, பிடிக்கிற கைக்கு இடுப்பின் கோணம் துல்லியமாகத் தெரிந்திருந்தது. அப்படியானால் இரண்டு ஸ்கேனிலும் நான் எதைப் பார்த்தேன்?

காரின் பின்சீட்டில் அவளைச் சுருட்டிப் படுக்க வைத்து நேராகச் சென்டருக்குப் போனேன். எங்கள் டெக்னீஷியனுக்கு 'அசையாதீங்க அண்ணன்' என்று பெயர். ஒரு நாளைக்கு நூறு தடவை அதையே மைக்கில் சொல்வதால் வந்த பெயர். மூன்றாம் முறையாக அக்காவைப் பார்த்தும் அவர் ஒன்றும் கேட்காமல் மேஜையில் படுக்க வைத்து, அவசரமென்றால் அழுத்துகிற ரப்பர் உருண்டையைக் கையில் கொடுத்துவிட்டு வந்தார். மிஷின் தடதடக்க ஆரம்பித்தது. கால் நீட்டிப் படுப்பதே அக்காவுக்கு வேதனை. கண்ணாடி வழியாக அவள் பாதங்கள் மட்டும் தெரிந்தன.

நான்காவது நிமிடத்தில் மணி அடித்தது. மிஷினை நிறுத்தி, என்ன வேண்டும் என்று மைக்கில் கேட்டார். அக்கா, தான் அழுத்தவே இல்லை என்றாள். மறுபடி ஆரம்பித்தார். மறுபடி மணி. இந்த முறை உள்ளே போய்ப் பார்த்தோம். அவள் இரண்டு கைகளையும் நெஞ்சின் மேல் கோத்திருந்தாள். உருண்டை நழுவி உருண்டு, இடது முட்டிக்கு மேல் தொடையடியில் கிடந்தது. தொடைச் சதை தானாகத் துடித்து அழுத்தியிருக்கும் என்றேன். நரம்பு நசுங்கினால் துடிக்கும், அது உண்மைதான். டெக்னீஷியன் உருண்டையை எடுத்தார். அது இன்னும் நசுங்கினாற்போலவே இருந்து, அவர் கையில் மெல்ல மெல்ல உப்பியது. அவர் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை.

படங்கள் வந்தன. வழக்கம்போல் விரல் நடுப்படத்துக்கு ஓடியது. அதை இழுத்துப் பிடித்து, பதினேழாவது படத்தைத் திறந்தேன்.

நரம்பு வெளியேறும் இடத்தில் வெள்ளை வெளேரென்று கொழுப்பு இருக்கும், அதன் நடுவே நரம்பு ஒரு சாம்பல் புள்ளி. அக்காவுக்கு மூன்றாவது நான்காவது எலும்புக்கு இடையே அந்த வெள்ளையே இல்லை. சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு சாம்பல் கட்டி அங்கே உட்கார்ந்திருந்தது. டிஸ்க்கிலிருந்து ஒரு துண்டு நடுவழியாக வராமல், இடது ஓரமாகப் பிதுங்கி, எலும்பு வாசலையும் தாண்டி வெளியே போய், கிளம்பிப் போகிற நரம்பைப் பக்கவாட்டிலிருந்து அமுக்கிக்கொண்டிருந்தது. அந்த நரம்பு போய்ச் சேருகிற இடம் முன்தொடை, முட்டிக்கு மேலே, உள்பக்கம். நிமிர்ந்தால் வாசல் குறுகும், பிடிக்கும். குனிந்தால் விரியும், விடும். அபூர்வமான வகைதான். ஆனால் பாடப்புத்தகத்தில் இருக்கிற அபூர்வம்.

பழைய ஸ்கேன்களைத் திறந்தேன். இரண்டாவதில் பட்டாணி அளவு. அம்மா உயிரோடிருந்தபோது எடுத்த முதலாவதில் மிளகு அளவு. இரண்டிலும் கடைசிப் படத்தில்.

"இந்த ஓரப்படமெல்லாம் நான் எப்பவும் அனுப்பறேன் மேடம்," என்றார் டெக்னீஷியன் என் பின்னால் நின்று. "நீங்கதான் தள்ளிடுவீங்க."

அவரைத் திட்ட வாயெடுத்து மூடிக்கொண்டேன். நாற்பது முதுகு, பதினாறு வருடம். இன்னும் எத்தனை வீடுகளில் எத்தனை பேரை யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்களோ என்று நினைத்தபோது, அந்தக் குளிரிலும் எனக்கு வியர்த்தது.

உடை மாற்றும் அறையில் அக்கா சுவரில் சாய்ந்து, இடுப்பை முன்னால் வளைத்து உட்கார்ந்திருந்தாள். பூசி மெழுகாமல் சொன்னேன். டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, முதல் ஸ்கேனிலேயே இருந்தது, நான் பார்க்கவில்லை. கால் பலம் திரும்ப வேண்டுமென்றால் சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டும்.

அவள் தன் இடது முட்டியைத் தடவிக்கொண்டாள்.

"அப்ப நான் பைத்தியம் இல்லையா?"

"இல்லக்கா."

"இதை ஒரு வருஷத்துக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்ல," என்றாள். கோபமே இல்லாமல் கேட்டாள். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வெளியே வந்து என் அண்ணனுக்கு ஃபோன் செய்து, திங்கட்கிழமையை ரத்து செய்யச் சொன்னேன். ஏன் என்று கேட்டான். என்னைத்தான் கூட்டிப்போக வேண்டும் என்றேன்.

சர்ஜன் படங்களைப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். முந்தைய ரிப்போர்ட்டுகளில் யார் கையெழுத்து என்று அவர் கேட்கவில்லை, அதில்தான் எனக்கு அவமானம். வழக்கமான டிஸ்க் என்றால் முதுகின் நடுக்கோட்டில் வெட்டுவோம், இதற்கு அப்படிப் போனால் பாதி எலும்பைச் செதுக்கினாலும் துண்டு கிடைக்காது என்றார். நடுவிலிருந்து தள்ளி நுழைய வேண்டும். ஆபரேஷனுக்கு முன் அக்காவைக் குப்புறத் திருப்பி, நடு எலும்பில் விரலை வைத்து, அங்கிருந்து இடது பக்கமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல்களை அடுக்கி, மூன்றாவது விரலின் ஓரத்தில் பேனாவால் சின்னக் கோடு போட்டார். துண்டு முழுசாக வந்தது. ஒரு சின்ன டப்பாவில் வைத்துக் காட்டினார். கையால் கிள்ளிப்போட்ட இறால் சதை மாதிரி இருந்தது. இதுவா, என்று நினைத்தேன்.

ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வாரம் அக்காவை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அவள் நேராக அம்மாவின் அறைக்குப் போனாள். ஏறினாள், திரும்பினாள், நிலையைப் பிடித்துக்கொண்டு இடது காலைக் கீழே வைத்தாள். நின்றாள். முதுகை நன்றாக நிமிர்த்தினாள். இன்னும் நின்றாள். எதற்கோ காத்திருப்பவள் மாதிரி இருந்தது.

"பிடிக்கல," என்றாள். சொல்லிவிட்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அம்மா செத்த அன்று அவள் அழவில்லை, ஓடியாடி எல்லாக் காரியத்தையும் பார்த்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு அழ உரிமையிருக்கிறதா என்ற யோசனையெல்லாம் அப்போது வரவில்லை.

கொஞ்சம் அடங்கியதும், சமாதானம் சொல்கிற மேதாவித்தனத்தில், உனக்கு வலி வந்த இடமும் அம்மா பிடித்த இடமும் ஒன்றாக இருந்ததால் மனம் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டது என்று விளக்கினேன். அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நீ வரிசையை மாத்திச் சொல்றடி. எனக்கு வலிச்ச எடத்தை அம்மா பிடிக்கல. அம்மா பிடிக்க ஆரம்பிச்சு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் எனக்கு அங்க வலியே வந்துது."

அதற்கும் என்னிடம் விளக்கம் இருந்தது. படுக்கையிலிருப்பவளின் கண்ணுக்கு நேராக இருப்பது நிற்பவளின் தொடைதானே. நாள் முழுக்க அதையே பார்த்தவளுக்கு, அது மெலிவதும் முட்டி லேசாக நடுங்குவதும் உனக்கு முன்பே தெரிந்திருக்கும் என்றேன். இருக்கலாம் என்றாள் அக்கா. கண்ணை மூடிப் படியிலேயே சாய்ந்துகொண்டாள்.

எனக்கு அந்த வீடியோ நினைவுக்கு வந்தது. ஃபோனில் தேடி எடுத்தேன். மொத்தம் முப்பத்தோரு விநாடி. அம்மா கட்டிலில், அக்கா பக்கவாட்டில், அம்மாவின் கை தொடையைப் பிடிக்கிறது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், எட்டு விநாடி. ஒன்பதாவது விநாடியை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

ஒன்பதாவது விநாடியில் அம்மாவின் கை தொடையை விட்டது. மெதுவாக மேலே ஏறி, இடுப்பைச் சுற்றிப் பின்பக்கம் போனது. ரவிக்கைக்குக் கீழே முதுகின் நடு எலும்பைத் தடவித் தேடி அங்கே நின்றது. பிறகு விரல்களை ஒவ்வொன்றாக இடது பக்கம் நகர்த்தி வைத்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. அங்கே அழுத்தினாள். அக்கா சிரித்துக்கொண்டே அந்தக் கையை விலக்கப் பார்த்தாள். அம்மா விடவில்லை. அழுத்தியபடியே தலையைத் திருப்பி, அக்காவை அல்ல, அலமாரியில் இருந்த ஃபோனைப் பார்த்தாள். அதன் மறுமுனையில் யார் என்று அவளுக்குத் தெரியும். வீடியோ முடியும்வரை கண் இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் பக்கத்தில் அக்கா ஒருக்களித்துச் சாய்ந்திருந்தாள். அவள் முதுகில் தழும்பின் மேல் ஒட்டிய பிளாஸ்திரி தெரிந்தது. விரல் வைத்து அளந்து பார்க்க எனக்கு அவசியம் இருக்கவில்லை.

திரையில் வீடியோவுக்குக் கீழே, அன்று நான் அனுப்பிய பதில் அப்படியே இருந்தது.

'முழுசா பார்த்தேன்க்கா. தனியா விட்டுப் போயிடுவோமோங்கற பயம்தான். வேற ஒண்ணும் இல்ல.'